மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாடகை வீட்டைப் பற்றியவை. அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, காரைக்குடி செக்காலைப் பகுதியில் ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் முதல் மாடியில் மூன்றாண்டுகளாகக் குடியிருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரும் நானும்தான் இங்கே. வாடகை 9,000 ரூபாய், முன்பணம் 50,000 ரூபாய். முதலில் 11 மாதத்திற்கு எழுதிய ஒப்பந்தத்தைப் பிறகு புதுப்பிக்கவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் உரிமையாளர், வாடகையை 14,000 ஆக்க வேண்டும் என்று பங்குனி மாதம் சொன்னார். என்னால் முடியாது என்றேன். அன்றிலிருந்து மாடிப்படி விளக்கு எரிவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் மோட்டார் போடுவதில்லை. இரவுக் காவலாளியையும் நிறுத்திவிட்டார். சென்ற மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் உள்ளே பீரோவின் மேலிருந்த பெட்டிகள் இடம் மாறியிருந்தன. மாற்றுச்சாவி அவரிடம் இருக்கிறது. இப்போது என் வாசலைப் பார்த்தபடி ஒரு கேமராவும் பொருத்தியிருக்கிறார். வாடகையை நிறுத்திவிட்டு, முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா? காவல் நிலையத்திற்குப் போனால் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, வாடகையை நிறுத்தாதீர்கள். ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் செய்திருக்கும் தவறுகள் அத்தனைக்கும் எதிராக உங்கள் கையில் இருக்கும் பலம், மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவர் என்ற ஒன்றுதான். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தாலே, அதைக் காரணமாகக் காட்டி அவர் வாடகை நீதிமன்றத்திற்குப் போக முடியும். அங்கே மாடிப்படி விளக்கையும் மாற்றுச்சாவியையும் பற்றி நீங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். இதுவரை கையில் பணமாகக் கொடுத்து வந்திருந்தால், இந்த மாதம் முதல் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பி, எந்த மாதத்திற்கான வாடகை என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். வாங்க மறுத்தாலோ ரசீது தர மறுத்தாலோ, தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டர் மூலமோ வங்கி மூலமோ அனுப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

நான் குறிப்பிடும் சட்டம் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம். அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. பழைய சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, குடியிருப்பவரை அசைக்கவே முடியாது என்று திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். புதிய சட்டம் ஒப்பந்தத்தைத்தான் மையமாக வைக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் கிளம்பியதுதான் இந்த 11 மாத வழக்கம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் பதிய வேண்டியதுதான்.

உங்கள் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்பது உங்கள் பக்கத்தில் உள்ள ஓட்டை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாக வைத்து வீட்டைக் காலி செய்யக் கேட்கவும் இச்சட்டம் உரிமையாளருக்கு இடம் தருகிறது. ஆகவே நீங்களே முந்திக்கொண்டு, ‘புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய ஆயத்தமாக இருக்கிறேன், வாடகையைப் பற்றிப் பேசுவோம்’ என்று ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். வாடகையில் சிறிது விட்டுக்கொடுக்க முடியுமானால் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதலாம். பின்னால் எந்த அதிகாரியின் முன் நின்றாலும் அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

இனி பாதுகாப்புக்கு வருவோம். இதை வாடகைத் தகராறோடு கலக்கவே கூடாது. கலந்தால்தான் ‘சிவில் விவகாரம்’ என்ற பதில் வருகிறது.

முதல் வேலையாகப் பூட்டை மாற்றுங்கள். அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பராமரிப்புப் பொறுப்புகளை இரு தரப்புக்கும் பிரித்துக் காட்டும் இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், கதவு, அலமாரி, சன்னல் ஆகியவற்றின் பூட்டுகளையும் கைப்பிடிகளையும் மாற்றுவது குடியிருப்பவரின் வேலை என்றே எழுதியிருக்கிறது. பழைய பூட்டைச் சாவியோடு ஒரு பையில் போட்டு வைத்திருந்து, காலி செய்யும் நாளில் மீண்டும் பொருத்திக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரரின் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். உட்புறம் ஒரு தாழ்ப்பாளும் கதவுச் சங்கிலியும், வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு லென்ஸும் பொருத்தினால் பிள்ளைகள் தனியாக இருக்கும் நேரத்திலும் அச்சமில்லை. கதவில் துளையிடுவதைப் பற்றிப் பின்னால் பேச்சு வராமலிருக்க, வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

உரிமையாளர் வீட்டைப் பார்க்கவே கூடாது என்பதில்லை. பழுது பார்க்கவோ நிலையைப் பார்வையிடவோ அவர் வரலாம். ஆனால் 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் மாற்றுச்சாவி போட்டுத் திறப்பதற்குச் சட்டத்தில் எங்கும் இடமில்லை. வீடு அவருடையதாக இருக்கலாம். அதன் அனுபோகம் இன்றைக்கு உங்களிடம் இருக்கிறது. அத்துமீறி நுழைதல் என்ற குற்றம் அனுபோகத்தில் இருப்பவருக்கு எதிராகச் செய்யப்படுவது. அச்சுறுத்தவோ தொல்லை கொடுக்கவோ நுழைந்தால், சொந்தக்காரர் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 329-ஆம் பிரிவு அது. மிரட்டியிருந்தால் 351-ஆம் பிரிவும் உண்டு.

எனவே புகார் எழுதும்போது வாடகை, முன்பணம், பங்குனி மாதப் பேச்சு எதையும் எழுதாதீர்கள். எந்தத் தேதியில் வீட்டைப் பூட்டிச் சென்றீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள், எது எங்கே இடம் மாறியிருந்தது, மாற்றுச்சாவி யாரிடம் இருந்தது, பிள்ளைகளோடு தனியாக இருக்கிறீர்கள் என்பவற்றை மட்டும் ஒரு பக்கத்திற்குள் எழுதுங்கள். அவரே நுழைந்தார் என்று நீங்கள் பார்க்காததை எழுத வேண்டாம். மனுவைக் கொடுத்துவிட்டு, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால், மனுவின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரவில் யாராவது கதவைத் தட்டித் தொல்லை செய்தால் 112. பெண்களுக்கான உதவி எண் 181.

கேமரா விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மாடிப்படியையும் வெளிவாசலையும் பார்க்கும் கேமரா ஆறு வீட்டுக்கும் நன்மைதான்; காவலாளி இல்லாத இடத்தில் உங்களுக்கே அது சாட்சியாகலாம். கதவைத் திறந்தால் கூடமும் படுக்கையறையும் தெரியும் கோணத்தில் அது இருந்தால் மட்டும், கோணத்தை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், புகாரிலும் சேருங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அந்தரங்கமான செயலில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். அதுவரை வாசலில் ஒரு கனமான திரை தொங்கட்டும்.

தண்ணீரையும் படிவிளக்கையும் பொறுத்தவரை நீங்கள் போக வேண்டிய இடம் வாடகை அதிகாரி. அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. குடிநீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு ஆகியவை அந்த வசதிகளில் அடங்கும். விசாரணை முடியும் முன்பே வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரைத்தான் இப்பொறுப்பில் நியமிப்பார்கள். காரைக்குடி தாலுகா தேவகோட்டை வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அந்தக் கோட்ட அலுவலகத்தில் விசாரித்தால் மனு கொடுக்கும் முறையைச் சொல்வார்கள். மோட்டார் நிற்கும் நேரத்தையும் விளக்கு எரியாத நாட்களையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். மற்ற ஐந்து வீடுகளில் இருவராவது கையெழுத்திட்டால் மனுவின் கனமே வேறு. படியில் இருட்டு உங்களுக்கு மட்டும் இருட்டு இல்லையே. பதிந்த ஒப்பந்தம் இல்லாததால் மனு தடைபட்டால், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பது பற்றி வழக்கறிஞரைப் பாருங்கள். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பூட்டையும் புகாரையும் இந்த வாரமே முடியுங்கள். ஆனால் பகையாகிவிட்ட ஒருவரின் வீட்டுக்கு மேலேயே பிள்ளைகளோடு பல ஆண்டுகள் இருக்க வேண்டுமா என்பதைக் கணவரோடு கலந்து பேசுங்கள். உரிமை இருக்கிறது என்பதற்காகவே ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போவதானாலும் நீங்கள் தேர்ந்த தேதியில், முன்பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம்.

கேள்வி: ஐயா, தேவகோட்டையில் ஒரு பெரிய பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் எட்டாண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீட்டுக்கு ஆறு பங்காளிகள். எங்களைக் குடிவைத்த ஆச்சி ஒரு பங்குக்காரர். மாத வாடகையை அவரிடம்தான் கொடுக்கிறோம். மற்ற பங்குகளின் அறைகள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றின் சாவிக்கொத்தும் எங்களிடமே இருக்கிறது, முகப்பையும் வளவையும் (உள்முற்றப் பகுதி) நாங்கள்தான் பெருக்கிச் சுத்தம் செய்கிறோம். இப்போது வெளியூரிலிருந்து வந்த இன்னொரு பங்குக்காரர், ‘வாடகையை என்னிடம் கொடு, இல்லையேல் சாமானை எடுத்துத் தெருவில் வைத்துவிடுவேன்’ என்கிறார். பின்தெரு வாசல் வழியாக இரவில் ஆட்கள் வந்து தூண்களையும் நிலைக்கதவையும் அளந்து பார்த்துப் போகிறார்கள். அச்சமாக இருக்கிறது.

பதில்: நண்பரே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்தச் சாவிக்கொத்துதான், மிரட்டலைக்கூட அதற்குப் பிறகே வைப்பேன்.

பர்மாத் தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் இன்று என்ன விலை போகின்றன என்பதைச் செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்குக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லாத வீட்டில் ஒரு தூண் காணாமல் போனால், ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கேட்பதற்கு முன் சாவி வைத்திருந்தவரைத்தான் கேட்பார்கள். ஆகவே பூட்டிய அறைகளின் சாவிகளை, எந்த அறைக்கு எந்தச் சாவி என்று பட்டியல் எழுதி, ஆச்சியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உங்கள் கட்டுக்கும் நீங்கள் நடந்து போகும் வழிக்கும் உள்ள சாவிகள் மட்டும் போதும். ஒப்படைக்கும் அன்று முகப்பு, பட்டாலை, வளவு ஆகியவற்றைத் தூண் தூணாக, கதவு கதவாகக் கைப்பேசியில் படமெடுத்து ஆச்சிக்கும் அனுப்பி வையுங்கள்.

அடுத்து, நீங்கள் குடியிருப்பவரா, வீட்டைப் பார்த்துக்கொள்பவரா என்பது. இந்த ஊர்ப் பக்கத்தில் இரண்டும் கலந்தே நடக்கிறது. கொஞ்சம் வாடகையைக் குறைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. காவலுக்கு வைக்கப்பட்டவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த இடத்தில் உரிமை எதுவும் பெறுவதில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எட்டாண்டு வாடகைக்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஆச்சி நல்ல மனத்தோடு இருக்கும்போதே எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிந்துகொள்ளுங்கள். உறவு சரியாக இருக்கும்போது தாள் கேட்கக் கூசுகிறோம். கெட்ட பிறகு கேட்டால் கிடைப்பதில்லை.

வெளியூர்ப் பங்குக்காரர் கேட்டதும் வாடகையை அவரிடம் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்க மாட்டேன் என்று அவரோடு வாதாடவும் வேண்டாம். அவர் கேட்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதன் நகலை ஆச்சிக்கு அனுப்புங்கள். யாருக்கு வாடகை சேர வேண்டும் என்பதில் உண்மையான ஐயம் எழுந்தால், அதை வாடகை அதிகாரியிடம் செலுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பங்காளிகளின் வழக்கில் நீங்கள் எந்தக் கட்சியும் இல்லை. யாருடைய பங்குப் பத்திரத்திலும், யார் கேட்டாலும், சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாமானைத் தெருவில் வைப்பேன் என்ற மிரட்டலுக்கு விடை: நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின் கீழ், ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம், வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. ஆனால் அங்கே வரை போகும்படி விடாமல், மிரட்டிய தேதியையும் சொற்களையும் எழுதிக் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் இவ்வீடுகளில் முன்பக்கக் கதவு கோட்டைக் கதவாக இருக்கும். பின்வாசலில் துருப்பிடித்த நாதாங்கி ஒன்று தொங்கும். உட்பக்கம் குறுக்குக் கட்டை போடுங்கள். பின்தெருவைப் பார்த்து ஒரு விளக்கு விடிய விடிய எரியட்டும். பின்தெருவில் குடியிருப்பவர் ஒருவரின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கட்டும். அளந்து பார்க்க வருபவர்களை நீங்கள் தடுக்கப் போக வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-ஐ அழைத்துவிட்டு, ஆச்சிக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூன்றாண்டுகள் குடியிருந்து கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் காலி செய்தோம். ஆத்தங்குடித் தரைக்கல் நிறம் மங்கிவிட்டது என்று முன்பணத்தில் 20,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்கிறார். நியாயமா?

பதில்: ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. நடக்க நடக்க அது மெருகேறும் என்பதைத்தான் நம் ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றாண்டு நடந்ததால் வரும் மாற்றம் இயல்பான தேய்மானம். அதற்குக் குடியிருந்தவரிடம் பணம் பிடிக்க முடியாது. அமிலம் கலந்த திரவம் ஊற்றிக் கழுவியிருந்தீர்களானால் கதை வேறு. அந்தக் கல் அமிலத்தைத் தாங்காது, சேதத்திற்கு நீங்கள் பொறுப்பாக வேண்டியிருக்கும். எத்தனை கல் கெட்டது, ஒரு கல்லுக்கு என்ன விலை, பதிக்கக் கூலி எவ்வளவு என்று கணக்கை எழுத்தில் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கணக்குக் கேட்டதும் இறங்கிவருவார்கள். நியாயமான கழிவு போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடுத்த வீடு பார்க்கும்போது நினைவிருக்கட்டும்.

கேள்வி: எல்லோரும் வீட்டுக்காரரையே குறை சொல்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். காரைக்குடியில் ஒரே ஒரு மாடி வீட்டின் வாடகையை நம்பி இருக்கிறேன். குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. அவர் ஊருக்குப் போயிருக்கும்போது வேறு பூட்டைப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது ஐயா. இன்று உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. அந்தப் பூட்டைப் போட்ட மறுநாள் அவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். தேவகோட்டை வாசகருக்கு நான் எழுதியிருக்கும் அந்த ஆறாம் பிரிவு உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். மின் இணைப்பைப் பிடுங்குவதும் தண்ணீரை அடைப்பதும் அப்படியே.

பாக்கித் தொகையை மாதவாரியாகக் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் கேட்பு அறிவிப்பு அனுப்புங்கள். அறிவிப்புக் கிடைத்த ஒரு மாதத்திற்குள் அவர் வட்டியோடு முழுவதையும் செலுத்திவிட்டால் அந்தக் காரணத்திற்காகக் காலி செய்ய உத்தரவு கிடைக்காது; பணமாவது வந்துவிடும். செலுத்தாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஒப்பந்தம் பதிந்திருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதில் உங்களுக்கும் அதே தடை உண்டு. முன்பணம் கையில் எவ்வளவு இருக்கிறது, ஒப்பந்தத்தின் தேதி என்ன என்பவற்றைக் குறித்து மீண்டும் எழுதினால், அறிவிப்பின் வாசகத்தை அடுத்த இதழில் தருகிறேன்.